மட்டையில் பட்ட சத்தம்

வர்ணனை செய்கிறானாம் வர்ணனை, வாயில் முழுக் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு. கிளமெண்ட் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டிவியை முறைத்தான். தில்லை நகரில் ஒரு காது மூக்குத் தொண்டை ஆஸ்பத்திரி, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் உட்கார வைக்கிற கூடம், சனிக்கிழமை மதியம். உயரத்தில் மாட்டியிருந்த டிவியில் மலைக்கோட்டை புல்ஸும் கொங்கு ரைடர்ஸும் இருபது ஓவர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கடைசியில் ஜெயிக்கப்போவது பெயிண்ட் கம்பெனிதான், தொப்பியிலிருந்து ஸ்டம்ப் வரைக்கும் அவன் பேர்தான் இருக்கிறது. புல்ஸாம். காளை என்று தமிழில் வைத்தால் மாட்டுத் தீவன விளம்பரம் மாதிரி இருக்கும் என்று பயம். அந்தப் பேரை நெஞ்சில் போட்ட ஊதாச் சட்டையோடு பக்கத்து நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்குக் காது வலி என்று கூட்டி வந்தவன், அந்த அம்மா ஒரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு முனகுவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் செல்போனில் ஏதோ தட்டுகிறான், உதடு பிரியாமல் கத்துகிறான். ரசிகனாம். சட்டை கிடைத்தால் ரசிகன். அடுத்த வருஷம் வேறு கலரில் சட்டை வந்தால் வேறு டீமுக்கு ரசிகன். இந்த வர்ணனைக்காரர்களும் இவன் வகைதான், ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்லி முடிக்க ஒருத்தனுக்குத் துப்பில்லை. எல்லாம் மெத்தைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. இப்போதெல்லாம் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள், பஸ் கண்டக்டர், பாதர் பிரசங்கம், போனில் பேசுகிற கஸ்டமர் கேர் பெண், மொத்த ஜனமும் வாயைத் திறக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு. முழங்கையில் ஒரு விரல் பட்டது. புளோரா. “ஏங்க, நமக்கு முன்னாடி ஒரே ஒரு ஆள்தான்,” என்றாள் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி. தொட்டுவிட்டுத்தான் பேசுகிறாள் இப்போதெல்லாம். எப்போது ஆரம்பித்த பழக்கம் இது? கல்யாணமான புதிதில் சமையல்கட்டில் நின்றுகொண்டே வாசலில் இருக்கிற இவனோடு பேசுவாள். ஜமால் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதானே நின்றாள். ஜமால் கீபோர்டுக்காரன், இவன் கிடார் வாசிக்கிற நியூ வேவ்ஸ் மெல்லிசைக் குழுவுக்கு இப்போது தலைவன், இவனைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன். வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ காதக் காட்டிட்டு வாங்க. நல்லா இருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாரா, மணப்பாறை புரோகிராமுக்கு நீங்கதான் லீடு. இல்லேன்னா நான் கீபோர்டுலயே கிடார் சவுண்டப் போட்டு ஓட்டிக்கிறேன்.” கீபோர்டில் கிடார். பிளாஸ்டிக் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கல்யாணப் பந்தியில் பரிமாறுவேன் என்பதும் அதுவும் ஒன்றுதான்.

டிவியின் அடியில் எண்கள் ஓடின. இவனுக்கு எண்கள் என்றாலே குமட்டும், அத்தனையும் மனப்பாடம் என்பது வேறு விஷயம். ஸ்ட்ரைக் ரேட்டாம், இடது கை வேகப்பந்துக்கு எதிரே சராசரியாம், கடைசி நாலு ஓவரில் வலது பக்கம் அடித்த சதவிகிதமாம். ஒருத்தன் ஆடுகிறானா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வக்கில்லாதவர்கள் கண்டுபிடித்த கணக்கு. புல்ஸ் கேப்டனைப் பார், முப்பத்தெட்டு சராசரி, அதில் பாதி ரன் தோற்றுப்போன ஆட்டங்களில், யாருக்கும் உபயோகமில்லாத நேரத்தில், பல் தேய்த்துவிட்டு வந்து நின்ற மாதிரி நின்று அடித்தது. அவனுக்குக் கீழே ஆடுகிற பொடியன் பந்து எங்கே விழுகிறது என்றே பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறான், பட்டால் சிக்ஸர், படாவிட்டால் பெவிலியன். கேட்டால் அதிரடியாம். குருட்டாம்போக்கு என்று சொல்வதற்கு வெட்கப்பட்டு வைத்த பேர். இந்த மொத்தக் கும்பலிலும் கிளமெண்ட் மதிக்கிறவன் ஒருத்தன்தான், இப்போது மட்டை பிடித்துக்கொண்டிருந்தானே, கொங்கு ரைடர்ஸின் ஹரிஹரசுதன், அவன். ரன்னுக்காக இல்லை. பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது என்று தெரிந்தால் நடுவர் விரலைத் தூக்குகிற வரைக்கும் அவன் நிற்க மாட்டான். கையுறையைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். யாரும் அப்பீல் கேட்காதபோதே ஒரு தடவை கிளம்பியிருக்கிறான். பட்டது யாருக்குத் தெரியாவிட்டாலும் மட்டை பிடித்தவன் கைக்குத் தெரியும் அல்லவா. கம்பியில் விரல் சரியாக உட்காராவிட்டால் கேட்கிறவனுக்கு முன்னால் வாசிக்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி. வயசாகிவிட்டது என்று மலைக்கோட்டைக்காரர்கள் போன வருஷம் அவனைக் கழற்றி விட்டார்கள். கொங்கு ஏலத்தின் கடைசியில் போனால் போகிறது என்று எடுத்தது. இந்த வருஷம் ஒரு அரை சதம்கூட வரவில்லை. இன்றைக்கும் ஆடாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சுதான். ஆடுவான். ஆட வேண்டும். அந்தத் துவரங்குறிச்சிக் கல்யாணம் எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. நாலாவது பாட்டு, நடுவில் கிடார் தனியாக ஏறுகிற இடம், கண்ணை மூடிக்கொண்டு முதல் கம்பியில் மேலே மேலே போனான், திறந்தபோது முன் வரிசையில் ஒரு குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் ஜமால் வந்து, “அண்ணே, முதல் கம்பி இறங்கிப் போய்க் கிடக்குண்ணே, பாட்டு முச்சூடும் அபஸ்வரம்,” என்றான். இறங்கியிருந்தால் இவனுக்குத் தெரியாதா? கம்பி அப்படி. இப்போது வருகிற கம்பி ஒவ்வொன்றும் பிணம். புதுசாக மாட்டிய அன்றைக்கே பளபளப்பு இல்லை, தகரத்தில் நகத்தால் கீறினாற்போல ஒரு கூர்மை வருமே எலக்ட்ரிக் கிடாரில், அது இல்லை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. பெரிய கடை வீதிக் கடைக்காரனிடம் போய் மூன்று தடவை சண்டை போட்டாயிற்று. அவன் எடுத்து மாட்டி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “நல்லாத்தானேண்ணே இருக்கு,” என்றான். விற்கிறவன் வேறென்ன சொல்வான். கிடார்களையே சொல்ல வேண்டும், முன்பு ஒரு கிடார் என்றால் தூக்குகிறவன் தோள் இறங்கும், இப்போது வருகிறதெல்லாம் பலகையில் பெயிண்ட் அடித்த கிரிக்கெட் மட்டை. ஆம்ப்பில் ட்ரெபிளைக் கடைசி வரைக்கும் திருகினால்தான் கொஞ்சமாவது பிசிறு கேட்கிறது, திருகினால் ஜமாலுக்குக் காது கிழிகிறதாம். பஞ்சில் வளர்த்த காது. இருபத்தைந்து வருஷமாக ஆம்ப் எப்போதும் இவனுக்கு இடது பக்கம்தான். இடது பக்கம். டிரம்ஸ்காரன் தட்டுகிற சிம்பலும் இடது பக்கம். காலையில் தலையணையில் வலது காதை வைத்துப் படுத்திருந்தால் புளோரா வைத்த அலாரம் அடிப்பதில்லை. அந்த அலாரமும் சீனாக்காரன் செய்தது, அதை விடு. குருவி கத்துவதில்லை ஊரில், செல்போன் கோபுரம் வந்து எல்லாம் செத்துப்போயிற்று என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். இல்லை, அன்றைக்குப் புளோரா ஜன்னலில் அரிசி வைத்துவிட்டு நின்றாளே. குருவி வந்ததே. வாயைத் திறந்து திறந்து மூடியதே.

இந்த இடத்தில்தான் முபாரக் பந்து போட ஓடி வந்தான். முபாரக் இடது கை வேகம், புல்ஸில் ஓரளவு உருப்படியானவன் என்று சொல்லலாம், அதுவும் நாலு பந்துக்கு ஒரு பந்து. பந்து வெளியே விழுந்து இன்னும் வெளியே போனது, ஹரிஹரசுதன் முன்காலை வைத்து மட்டையை நீட்டினான், பந்து தாண்டிப் போய்க் கீப்பரிடம் விழுந்தது. கூடம் முழுக்க ஒரே நேரத்தில், “பட்டுருச்சு.” ஊதாச் சட்டை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். சீட்டுப் போடுகிற மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். டிவியில் நடுவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. ஹரிஹரசுதன் அங்கேயே நின்று கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தான். கிளமெண்டுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பேர், இத்தனை கண், ஒருத்தருக்கும் ஆட்டம் தெரியவில்லை. “எங்க பட்டுச்சு? நல்லா அரை அடி தள்ளிப் போச்சு,” என்றான். ஊதாச் சட்டை திரும்பினான். “அண்ணே, டொக்குன்னு கேட்டுச்சேண்ணே.” “என்ன கேட்டுச்சு? கால் காப்புல பட்டிருக்கும். தம்பி, நான் கிரிக்கெட்ட ரேடியோவுல கேட்டு வளர்ந்தவன். அது ஹரிஹரசுதன். பட்டிருந்தா இந்நேரம் பெவிலியன்ல மோர் குடிச்சுக்கிட்டு இருப்பான். நிக்கிறான்னா படல. முடிஞ்சுது.” “அவரு நிக்கிறாருன்றதுக்காகப் பட்டது படாமப் போயிடுமாண்ணே?” என்றான் ஊதாச் சட்டை. குசும்பாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். காதைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் அம்மா முனகலை நிறுத்திவிட்டு, “எனக்கே கேட்டுச்சேப்பா,” என்றாள். காது வலிக்காரிக்குக் கேட்டதாம். கிளமெண்ட் வாயைத் திறந்தான், அதற்குள் புளோரா முழங்கையைப் பிடித்தாள், தொடவில்லை, பிடித்தாள். “விடுங்க.” புல்ஸ் கேப்டன் கையை டி மாதிரி வைத்து மூன்றாவது நடுவரிடம் கேட்டான். கேட்கட்டும், ஒரு ரிவ்யூ வீண், அந்த மரமண்டைக்கு அதுதான் தெரியும். படத்தை மெதுவாக ஓட்டினார்கள். பந்து மட்டையின் ஓரத்துக்கு வரும்வரைக்கும் அடியில் சத்தத்தைக் காட்டுகிற வெள்ளைக் கோடு பாய் விரித்தாற்போலக் கிடந்தது. ஓரத்தைத் தாண்டுகிற அந்த இடத்தில் கோடு எழுந்து நின்றது, பல் மாதிரி. திரும்ப ஓட்டினார்கள், திரும்ப எழுந்தது. கால் காப்பு ஒரு முழம் தள்ளி இருந்தது. ஊதாச் சட்டை கத்தவில்லை, உட்கார்ந்துகொண்டு, “இதுக்கு எதுக்குண்ணே படம், அதான் கேட்டுச்சே,” என்றான், போனில் எதையோ தட்டியபடி. டிவியில் ஹரிஹரசுதன் முகத்தை அருகே காட்டினார்கள். தெரிந்திருக்கிறது. பந்து பட்டபோதே தெரிந்திருக்கிறது, கையுறையை இறுக்கினானே, அப்போதே தெரிந்திருக்கிறது. கூடத்தில் இருந்த எட்டுப் பத்துப் பேருக்கும் கேட்டிருக்கிறது. கிளமெண்ட் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை எத்தனை தடவை கேட்டிருப்பான், எழுபது மீட்டர் தள்ளி வேலிக்கு வெளியே நின்றுகூட, பொன்மலை ரயில்வே மைதானத்தில், நடுவரே தவறவிட்டதை இவன் சொல்லி இரண்டு டீமும் அடித்துக்கொண்டது உண்டு. உலர்ந்த சுள்ளியை இரண்டு விரலில் ஒடிக்கிற சத்தம். அதை நினைத்துப் பார்த்தான். நினைவில் கேட்கிறதா என்று பார்த்தான். “திருட்டுப் பய,” என்றான் கடைசியில், யாரை என்று சொல்லாமல். “தானும் எல்லாரையும் போலத்தான்னு காட்டிட்டான் பாரு.” மேஜைப் பெண்ணின் உதடு அசைந்தது, இவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. எத்தனையாவது தடவை கூப்பிட்டாளோ, எல்லாரும் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் அறை. ஒரு பெரிய பீரோவுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தாற்போல, உள்ளே சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, ஒரு நாற்காலி. காதைப் பரிசோதிக்கிற பெண் இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்க மாட்டாள், காதில் சின்னக் கல் தோடு, பேர் நிவேதா என்று நெஞ்சில் குத்தியிருந்தது. அவன் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, கொஞ்சம் உரக்கவே சொன்னாள். “சார், பீப் பீப்னு கேக்கும். எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா விட்டுருங்க. இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கெடையாது.” பாஸ் ஃபெயில் கிடையாதாம், பிறகு எதற்கு முன்னால் கட்டம் போட்ட தாளை வைத்திருக்கிறாய்? ஸ்ட்ரைக் ரேட் போடத்தானே? கதவு மூடியது. அப்படி ஒரு அமைதியை அவன் கேட்டதே இல்லை, இல்லை, அமைதிகூட இல்லை, உள்ளே எங்கோ ஆம்ப்பை அணைக்க மறந்த மாதிரி ஒரு மெல்லிய ஊளை, எத்தனை மாசமாக இது இருக்கிறது? அணைக்க முடியாத ஊளை. முதல் சத்தம் வந்தது, கனமாக, வட்டமாக. அமுக்கினான். கிடாரின் இரண்டாவது கம்பியைத் திறந்து தட்டினால் வருகிற ஸ்வரம், ஆனால் ஒரு மயிரிழை ஏறி நின்றது. ட்யூன் பண்ணத் தெரியாத மெஷினை வைத்துக்கொண்டு என் காதைச் சோதிக்கிறாள் என்று நினைத்தான், நினைக்க நிம்மதியாக இருந்தது. அடுத்தது அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே, அதுவும் மயிரிழை ஏறி. அமுக்கினான். மெல்ல ஆக்கினாள், அமுக்கினான், இன்னும் மெல்ல, அமுக்கினான். பார், கேட்கிறதே. ஜமால், கேட்கிறதடா. இன்னொரு ஸ்தாயி மேலே போனாள், இது கொஞ்சம் தொலைவிலிருந்து வந்தது, பக்கத்துத் தெருவில் யாரோ வாசிக்கிற மாதிரி, அமுக்கினான். அதற்கு மேலே. அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. காத்திருந்தான். ஊளை மட்டும். போட்டாளா? போடவில்லையா? போட்டிருப்பாள், சும்மா உட்கார அவளுக்கென்ன. இதுவரைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நாலில் ஒரு சத்தம் வந்தது, அதை அவன் எண்ணவில்லை, கால் பெருவிரல் எண்ணியிருக்கிறது, தாளம் என்றால் அது கேட்காமலே எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கினான். மேடையில் வாசிக்கிறவனுக்குத் தன் சத்தத்தைக் கேட்க வைக்கிற மானிட்டர் செத்துப்போனால் வேறென்ன செய்வார்கள், டிரம்ஸ்காரன் தோளைப் பார்த்து எண்ணிக்கொண்டு வாசிப்பார்கள், முன்னால் இருக்கிற ஜனத்துக்குத் தெரியவா போகிறது. மணப்பாறையில் தெரு அடைத்து மேடை போடுவார்கள், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ். இவன் மட்டுமே வாசிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, ஜமால் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இடம். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறான் என்று அந்தப் பொடியனைச் சொன்னாயே. பட்டால் சிக்ஸர். அமுக்கினான். ஒன்று, இரண்டு.

கதவு திறந்தது. நிவேதா ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினாள். “சார்,” என்றாள், “கடைசியா நீங்க அமுக்கினப்பல்லாம் நான் சத்தமே போடல.” கிளமெண்ட் பொத்தானைப் பார்த்தான். “ரெண்டு மூணு தடவ அப்பிடி ஆச்சா, அப்புறம் வேணும்னே நிறுத்திப் பார்த்தேன். ஆனா டைமிங் மட்டும் கொஞ்சங்கூடத் தப்பல சார். மியூசிக்கா?” அவள் குரலில் குற்றம் ஏதும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. கால் காப்புல பட்டிருக்கும் தம்பி. மெஷின் சரியில்லை, இவளுக்கு அனுபவம் போதாது, ஹெட்போன் சீனாக்காரன் செய்தது, ரூமில் காற்று சரியில்லை, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் கையுறையை இறுக்கிக்கொண்டு. திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஊதாச் சட்டை இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்திருந்தான், இன்னொரு விக்கெட்டோ என்னவோ. புளோரா மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டி நின்று இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “லீடு கிடார்,” என்றான். பிறகு, “இன்னொரு தடவ முதல்லேருந்து போடும்மா,” என்றான். அவள் தலையாட்டிவிட்டு ஹெட்போனைச் சரிசெய்தாள், கதவு மூடியது. கனத்த சத்தம் வந்தது, அமுக்கினான். அதற்கு மேல் வந்தது, அமுக்கினான். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது, கொஞ்சம் பொறுத்து, உண்மையாகவே வந்ததா என்று பார்த்து, அமுக்கினான். பிறகு ஊளை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிவேதாவின் வலது தோள் லேசாக இறங்கி ஏறியது. போடுகிறாள். இப்போது தாளம் கூட வேண்டாம், தோளைப் பார்த்தாலே போதும். மறுபடி இறங்கி ஏறியது. முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இன்னும் சத்தமாக வைக்கிறாள் போலிருக்கிறது, மறுபடி. அது பட்ட நேரம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றும் தெரிந்தது. கால் பெருவிரலைச் செருப்புக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அதை எடுத்துத் தொடைமேல் வைத்தான். அந்தப் பெண்ணின் தோள் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது.